ஈரலில் களஞ்சியம் கண்டவர்

இரவு எட்டு மணிக்கு விடுதிச் சாப்பாட்டை முடித்து எழுந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் நாம் மறுபடி வாயில் எதையாவது போடுகிறோம். இடையில் பன்னிரண்டு மணி நேரம். தேர்வுக் காலமானால் அதில் பாதி நேரம் விழித்திருந்து படிக்கவும் செய்கிறோம். நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும் மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. மணிக்குச் சுமார் 5 கிராம். நம் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் திரட்டினால் அதுவும் ஏறக்குறைய 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி! அப்படியானால், உண்டது செரித்து அடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் நாம் மயங்கி விழவேண்டும் அல்லவா? விழுவதில்லை. அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது?

இதற்கு விடை கண்டவர் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. பாடப் புத்தகத்தில் பெர்னார்ட் என்று படித்துவிட்டு அப்படியே சொல்லிக்கொண்டிருந்த என்னை, கடைசி எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் விழுங்கிவிடுவார்கள் என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் திருத்தினார். ஆகவே இக்கட்டுரையில் அவர் பெர்னார்.

1813-ஆம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, பிரான்சின் தென்கிழக்கே சென் ஜூலியேன் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. தந்தை திராட்சை பயிரிட்டு மது வடிக்கும் எளிய குடியானவர். ஊர்ப் பாதிரியார் லத்தீன் கற்பித்தார். பிறகு அருகிலிருந்த பாதிரிமார் பள்ளிகளில் சிறிது படிப்பு. பணம் போதவில்லை. பத்தொன்பதாம் வயதில், லியோன் நகரின் புறத்தே வேஸ் என்னுமிடத்தில், மில்லே என்பவரின் மருந்துக் கடையில் கையாளாகச் சேர்ந்தார்.

அக்கடையில் திரியாக் என்றொரு மருந்து. பல சரக்குகள் சேர்ந்த லேகியம். சகல நோய்க்கும் கைகண்டது என்று பெயர். கெட்டுப்போன கஷாயம், மிஞ்சிய தூள், ஜாடியின் அடிவண்டல் எல்லாவற்றையும் அந்தத் திரியாக் பானையில் கொட்டச் சொல்லுவது கடையின் வழக்கமாம். வாங்கிச் சென்றவர்களோ குணமடைந்ததாகச் சொல்லி மறுபடி வாங்க வந்தார்கள். மருத்துவத்தின் மேல் அவருக்குப் பின்னாளில் இருந்த சந்தேகம் முளைத்த இடம் அந்தப் பானைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அன்று அவர் மனம் நாடகத்தில் இருந்தது. ரோன் நதியின் ரோஜா என்ற பெயரில் பாட்டும் சிரிப்பும் கலந்த சிறு நாடகம் ஒன்று எழுதினார். அது லியோனில் மேடையேறி ஓரளவு பாராட்டும் பெற்றது. அந்தத் தைரியத்தில் பிரெத்தாஞ் நாட்டு ஆர்தர் என்று ஐந்து அங்க நாடகம் ஒன்றை எழுதி, கையெழுத்துப் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு 1834-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். சென் மார்க் ஜிரார்தேன் என்ற பேராசிரியர், பேர்பெற்ற விமரிசகர், அதைப் படித்தார். ஏற்கெனவே மருந்துக் கடையில் வேலை பார்த்திருக்கிறாயே, மருத்துவம் படி. பிழைப்புக்கு அது உதவும். நாடகத்தை ஓய்வு நேரத்தில் எழுதிக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

மருத்துவ மாணவராகவும் பெர்னார் பிரகாசிக்கவில்லை. 1839-ல் நடந்த மருத்துவமனைப் பயிற்சித் தேர்வில் தேறிய 29 பேரில் அவருக்கு 26-வது இடம். (நம் சங்கத்து நண்பர்களில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.) ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் அவருக்கு நிகரில்லை. கொலேஜ் த பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற கலாசாலையில் உடலியல் போதித்துவந்த மஜாந்தி அதைக் கண்டுகொண்டு, 1841-ல் தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடம் என்றவுடன் இன்றுள்ள குளிர்பதன அறைகளை நினைத்துவிடக் கூடாது. ஈரம் கசியும் நிலவறை அது. அங்கே இடம் போதாமல் வெளியிலும் சிறு அறை பிடித்து, தெரு நாய்களைப் பிடித்துவந்து ஆராய்ச்சி செய்தார். அப்படி இரைப்பையில் வெள்ளிக்குழல் பொருத்திய ஒரு நாய், ஒரு நாள் தப்பி ஓடிவிட்டது. ஓடியது வேறெங்குமில்லை, தன் எஜமானர் வீட்டுக்கு. எஜமானரோ அந்த வட்டாரத்துப் போலீஸ் கமிஷனர்! பெர்னாருக்கு அழைப்பு வந்தது. நடுங்கிக்கொண்டே போனவர் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கமிஷனர் நல்லவர். நாயையும் குழலையும் பற்றி விசாரித்துவிட்டு, அன்று முதல் அண்டைவீட்டார் புகார்களிலிருந்து அவரைக் காப்பவராகவே ஆகிவிட்டார்.

1844-ல் ஆசிரியர் பதவிக்கான தேர்வில் தோற்றார். கிராமத்துக்குத் திரும்பி வைத்தியம் பார்க்கலாமா என்ற யோசனையில் இருந்தவரைப் பாரிசிலேயே நிறுத்தியது கல்யாணம். 1845-ல் ஒரு மருத்துவரின் மகளான ஃபனி மார்த்தேனை மணந்தார். அவள் கொண்டுவந்த சீதனம் 60,000 பிராங்க். வரதட்சணையால் வளர்ந்த விஞ்ஞானம் என்று இதைச் சொல்லலாம். அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று அவளுக்குத் தெரியவந்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெர்னாரின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு முயல் கதை ஒன்று போதும். 1846-ல் சந்தையிலிருந்து சில முயல்கள் வந்தன. அவை மேசைமேல் விட்ட சிறுநீர் தெளிவாக இருந்தது. சோதித்தால் புளிப்புத் தன்மை. புல் தின்னும் பிராணிக்குச் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மையுடனும் இருக்கவேண்டும். புலால் உண்ணும் பிராணிக்கே இப்படித் தெளிவாக இருக்கும். மற்றவர்களாயிருந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பெர்னார் யோசித்தார்: சந்தையில் இவற்றுக்கு யாரும் தீனி போடவில்லை போலும், பட்டினி கிடக்கும் முயல் தன் சதையையே தின்று உயிர் வாழ்கிறது, ஆகவே அது இப்போது புலாலுண்ணி! புல் போட்டார், சிறுநீர் கலங்கிற்று. பட்டினி போட்டார், தெளிந்தது. வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் தெளிவாகவே இருந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்த முயல்களின் வயிற்றைத் திறந்தபோது, குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்லும் நுண்குழாய்கள் பால்போல வெளுத்திருப்பதைக் கண்டார். நாய்க்கு அந்த வெண்மை குடலின் மேற்பகுதியிலேயே தொடங்கும்; முயலுக்கோ வெகுதூரம் கீழே தள்ளித் தொடங்கிற்று. எங்கே? கணையத்தின் நீர் குடலில் வந்து விழும் இடத்தில். ஆக, கொழுப்பை உடல் ஏற்கும்படிப் பக்குவம் செய்வது கணைய நீர் என்று தெரிந்தது. மேசைமேல் சிந்திய சிறுநீரில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்த இந்த யாத்திரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

இனி சர்க்கரைக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் தூமா முதலிய பெரும் இரசாயன நிபுணர்கள் வகுத்துவைத்த கொள்கை ஒன்று இருந்தது. சர்க்கரையையும் மாவையும் கொழுப்பையும் ஆக்க வல்லவை தாவரங்கள். விலங்குகளுக்கு அவற்றைத் தின்று எரிக்க மட்டுமே தெரியும் என்பது அது. தாவரம் சம்பாதிக்கிறது, விலங்கு செலவழிக்கிறது. பார்க்க அழகான கொள்கை. பெர்னாரும் அதை நம்பியே தொடங்கினார். உண்ட சர்க்கரை உடலுக்குள் எந்த இடத்தில் எரிந்து மறைகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் நோக்கம்.

நாய்க்குச் சர்க்கரை மிகுந்த உணவு கொடுத்து, கல்லீரலிலிருந்து இதயத்திற்குப் புறப்படும் நாளத்தின் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் இறைச்சி உண்ட நாயையும் சோதித்தார். அதிலும் சர்க்கரை! உணவில் சர்க்கரையே இல்லாத நாயின் இரத்தத்துக்கு அது எங்கிருந்து வந்தது? 1848-ஆம் ஆண்டு நடந்தது இது. அவர் பயன்படுத்திய சோதனை, நாம் பள்ளியில் செய்யும் பெனடிக்ட் சோதனைக்குப் பாட்டன் முறை: செம்பு உப்பின் நீலக் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சினால், சர்க்கரை இருந்தால் செந்நிறமாகும்.

குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் பெரிய நாளத்தையும் பார்த்தார். அங்கும் சர்க்கரை தென்பட்டது. இது குழப்பியது. வயிற்றைத் திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, கல்லீரலில் இருந்த இரத்தம் பின்னோக்கி வழிந்திருக்குமோ என்று ஐயுற்று, அடுத்த நாயில் முதல் வேலையாக அந்த நாளத்தை நூலால் கட்டிவிட்டுப் பார்த்தார். இப்போது விடை பளிச்சென்று வந்தது. கல்லீரலுக்குள் போகும் இரத்தத்தில் சர்க்கரை இல்லை. வெளியே வரும் இரத்தத்தில் ஏராளம். கல்லீரலே சர்க்கரையை ஆக்குகிறது! பெரியோர் வகுத்த கொள்கை ஒரு நூல் முடிச்சில் சரிந்தது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? லூயி பிகியே என்பவர், இறைச்சியிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு, கல்லீரல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று வாதாடினார். விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை நியமித்தது. அதன் அறிக்கையை எழுதியவர் தூமாவேதான். 1855-ல் தீர்ப்பு பெர்னாருக்குச் சாதகமாக வந்தது. தம் கொள்கையை உடைத்தவனுக்கே சாதகமாக எழுதிய அந்தப் பெரியவரையும் இங்கே வணங்கவேண்டும்.

அதே ஆண்டில் இன்னொன்று நடந்தது. கல்லீரலில் உள்ள சர்க்கரையை அளக்கும்போது ஒரே ஈரலில் இருமுறை அளப்பது பெர்னாரின் வழக்கம். ஒரு நாள் நேரமில்லாமல் இரண்டாவது அளவை மறுநாளுக்கு ஒத்திவைத்தார். மறுநாள் பார்த்தால் சர்க்கரை முதல் நாளைவிட மிக அதிகம். நாய் இறந்துவிட்டது, இரத்த ஓட்டம் இல்லை; சர்க்கரையோ கூடிக்கொண்டிருக்கிறது! ஈரல் ஒன்றை எடுத்து அதன் நாளங்களில் குளிர்ந்த நீரை 40 நிமிடம் ஓடவிட்டுக் கழுவினார். சர்க்கரையின் சுவடே இல்லாமல் போயிற்று. அறையில் அப்படியே ஒரு நாள் வைத்திருந்து சோதித்தார். மறுபடி ஏராளமான சர்க்கரை. ஆகவே நீரில் கரைந்து போகாத ஏதோ ஒரு பொருள் ஈரலுக்குள் தங்கியிருந்து, சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறவேண்டும். 1857-ல் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். வெண்மையான மாவு, அயோடின் பட்டால் திராட்சை மதுவின் சிவப்பு. கிளைக்கோஜன் என்று அதற்குப் பெயரிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹென்சன் என்பவரும் தனியாக அதைக் கண்டார்.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முதுகலை முதலாண்டில் எங்களுக்கு ஆட்டு ஈரலிலிருந்து கிளைக்கோஜன் பிரிக்கும் செய்முறை உண்டு. ஒரு குழு விடிகாலையில், வெட்டிய சூட்டோடு ஈரலை வாங்கிப் பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவந்தது. மற்றக் குழுவை ஆசிரியர் வேண்டுமென்றே நண்பகலில் அனுப்பி, கடைக் கொக்கியில் தொங்கிய ஈரலை வாங்கிவரச் சொன்னார். முதல் ஈரலின் சாற்றில் சாராயத்தை ஊற்றியதும் பனிபோல வெள்ளைப் படிவு இறங்கிற்று. இரண்டாவதில் பெயருக்குச் சிறிது. ஆனால் அதன் சாற்றைப் பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சியபோது செங்கல் சிவப்பு! கொக்கியில் தொங்கிய நேரமெல்லாம் அந்த ஈரல் தன் சேமிப்பை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நம் ஊரில் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டிவைத்து, வேண்டும்போது அடியிலுள்ள துளை வழியே எடுப்பார்கள் அல்லவா? கல்லீரல் அப்படியொரு குதிர். உண்ட வேளையில் குடலிலிருந்து வெள்ளமாக வரும் சர்க்கரையை வாங்கி வைக்கிறது. உண்ணாத வேளையில் அளந்து விடுகிறது. இந்தச் சேமிப்பு உயிரணுவுக்குள் எப்படி நடக்கிறது என்பது பெர்னாருக்குப் பின் பல பத்தாண்டுகளில் தெரியவந்தது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலானது. குளுக்கோஸ் அதைத் தானே ஊடுருவ முடியாது. புரதத்தாலான வாயில்கள் வேண்டும். கல்லீரல் உயிரணுவின் வாயில் எப்போதும் திறந்தே இருக்கிறது. உள்ளேயும் விடும், வெளியேயும் விடும். தசை உயிரணுவோ தன் வாயில்களில் பெரும்பாலானவற்றை உள்ளே சுருட்டி வைத்திருக்கிறது. இன்சுலினின் ஆணை வந்தால், அல்லது தசை உழைத்தால், அவற்றைச் சவ்வுக்குக் கொண்டுவருகிறது.

உள்ளே வந்த குளுக்கோசை உதிரியாகவே வைத்திருந்தால் நீர் பாய்ந்து உயிரணு வீங்கி வெடிக்கும். ஆகவே ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்து, கிளைவிட்ட ஒரே பெரிய பந்தாக்கிவிடுகிறது. அப்போது நீரின் தொல்லை இல்லை. நம் தசைகளில் மொத்தமாகச் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் உண்டு; கல்லீரலில் சுமார் 100 கிராம்தான். ஆனால் தசையின் சேமிப்பு தசைக்கே. குளுக்கோசின்மேல் பாஸ்பேட் என்ற பூட்டு விழுந்துவிடும். அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி தசையில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. ஒன்று வீட்டுக் குதிர், மற்றது ஊர்ப் பொதுக் களஞ்சியம். இந்தப் போக்குவரத்தின் பெரும்பகுதியை விளக்கிய கோரி தம்பதிகள், கார்ல், கெர்ட்டி இருவரும், 1947-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இரத்தம் சுமப்பது சர்க்கரையை மட்டுமல்ல. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஏன் கொல்லுகிறது என்று ஆராய்ந்தவரும் பெர்னார்தான். இரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயு அமரும் இடத்தை அது பிடித்துக்கொண்டு, பிராணவாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. வண்டி ஓடுகிறது, சரக்கு ஏறுவதில்லை. வடநாட்டுக் குளிருக்குப் புதியவர்களான நம் முதலாண்டு நண்பர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு அங்கீட்டியைப் பக்கத்தில் வைத்துத் தூங்கினால் நேர்வது இதுதான்.

இனி ஃபனியின் கதை. ஆண் குழந்தைகள் இருவர் சிசுவிலேயே இறந்தனர். பெண்கள் இருவர் வளர்ந்தனர். கணவர் மாலையில் இரத்தம் படிந்த உடையோடு வீடு திரும்புவார். மயக்க மருந்து 1846-க்குப் பின்பே புழக்கத்துக்கு வந்தது. வந்த பிறகும் அவர் கூடத்தில் அது எப்போதும் பயன்பட்டதில்லை. அம்பில் தடவும் கியூராரே என்ற விஷம் பிராணியை அசையாமல் செய்யும், ஆனால் வலியைப் போக்காது என்று விளக்கியவரே பெர்னார். தெரிந்தும் அதைக் கொண்டு பிராணிகளைக் கட்டினார். வீட்டில் அமைதி போயிற்று. 1870-ஐ ஒட்டிச் சட்டப்படி பிரிந்தார்கள். மனைவியும் மகள்களும் அநாதை நாய்களைப் பேணுவதில் ஈடுபட்டு, பிராணி வதைக்கு எதிராக நின்றார்கள். அவர் கூடத்தில் சில மாதங்கள் வேலை செய்த ஹாகன் என்ற ஆங்கில டாக்டர் 1875-ல் லண்டன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடாமலே, மேசைக்குக் கொண்டுவரும்போது நாய்கள் எப்படி அஞ்சின என்று விவரித்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பிராணிப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

பெர்னார் பக்கமா, ஃபனி பக்கமா என்று விடுதியில் விவாதம் வந்தது. என் தாயார் பல ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். 1921-ல் டொராண்டோவில் அது கிடைத்ததும் நாய்களைக் கொண்டே. ஆகவே பெர்னாரைக் கூண்டில் ஏற்ற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இன்று எங்கள் கூடத்தில் ஓர் எலியைத் தொடுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இத்தனை எலி எதற்கு, வலியைத் தணிக்க என்ன வழி என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தத் தாளை நிரப்பும்போது எனக்கு நினைவு வருவது பெர்னார் அல்ல, ஃபனிதான். வரலாற்று நூல்கள் அவளைக் கணவனைப் புரிந்துகொள்ளாத மனைவி என்று ஒரே வரியில் தள்ளிவிடுகின்றன. அது நியாயமில்லை.

1860-க்குப் பின் உடல் நலிந்து, அவர் அடிக்கடி சென் ஜூலியேனுக்கு ஓய்வுக்குப் போனார். கத்தி எடுக்க முடியாத அந்த நாட்களில் எழுதியதுதான் 1865-ல் வெளிவந்த சோதனை மருத்துவம் பற்றிய நூல். தம் வாழ்நாள் ஆராய்ச்சியெல்லாம் ஒரே கருத்தில் வந்து கூடுவதை அவர் கண்டதும் அக்காலத்தில்தான். நம் உயிரணுக்கள் வெளியுலகில் வாழவில்லை. இரத்தமும் நிணநீருமாகிய ஓர் உள் கடலில் வாழ்கின்றன. வெளியே பனி பெய்தாலும் பட்டினி வந்தாலும் அந்தக் கடலின் வெப்பமும் நீரும் சர்க்கரையும் ஏறக்குறைய மாறாமல் காக்கப்படுகின்றன. அதனால்தான் உயர்ந்த பிராணி சூழலுக்கு அடிமையாகாமல் திரிய முடிகிறது.

மூன்றாம் நெப்போலியன் அவரோடு பேசி வியந்து, புதிய ஆய்வுக்கூடமும் செனட் பதவியும் கொடுத்தான். 1868-ல் பிரெஞ்சு இலக்கியக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எல்லாம் வந்தது, கணையத்தை இத்தனை ஆராய்ந்தவர், நீரிழிவின் வேர் அங்கே இருப்பதை மட்டும் காணவில்லை. அது 1889-ல்தான், ஸ்ட்ராஸ்பர்க் நகரில், மெரிங், மிங்கோவ்ஸ்கி என்ற இருவருக்குத் தெரிந்தது.

1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி பாரிசில் அவர் காலமானார். பிரான்சில் ஒரு விஞ்ஞானிக்கு அரசு செலவில் இறுதிச் சடங்கு நடந்தது அதுவே முதன்முறை. தாவரத்துக்கும் விலங்குக்கும் பொதுவான உயிர்ச் செயல்களைப் பற்றிய அவர் சொற்பொழிவுகள் அதே ஆண்டில் நூலாக வந்தன. பைக்குள் வைத்துப் பாரிசுக்குக் கொண்டுவந்த ஐந்து அங்க நாடகமும் 1887-ல் அச்சாயிற்று.